நீண்ட விடுமுறைக்குப் பிறகு பள்ளி: நான் செய்த தவறுகளை நீங்களும் செய்யாதீர்கள்

ஒவ்வொரு ஜூனிலும் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியர்களைப் பார்க்கிறேன். நான் செய்த அதே தவறுகளை, அதே நல்ல எண்ணத்தோடு செய்கிறார்கள். பெற்றோரும் அப்படித்தான். நேரத்தோடு தூங்க வைப்பது, முந்தின இரவே பையை அடுக்குவது எல்லாம் எல்லோருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் நாளே எழுப்பி வாசிக்கச் சொல்வது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வரும்.

2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் தமிழ்நாட்டில் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டுப் போனவர்கள் மூன்றாம் வகுப்பில் என் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். எவ்வளவு மறந்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவசரம். வரிசையாக எழுப்பி வாசிக்கச் சொன்னேன்.

ஒரு பையன் ‘கொடி’ என்ற சொல்லில் விரலை வைத்தான். கொம்பைப் பார்த்ததும் ‘கெ’ என்றான். அடுத்து கால் இருப்பதைப் பார்த்துத் திகைத்துவிட்டான். விரல் அங்கேயே நின்றது. பின்னால் யாரோ சிரித்தார்கள். “ஒன்றாம் வகுப்புப் பாடம்தானே, இதுகூடவா மறந்துபோச்சு?” என்று நான் வேறு கேட்டுவிட்டேன். மறுநாள் அவன் வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை.

வீட்டுக்குப் போனேன். “காலையில எந்திரிச்சா வயிறு வலிக்குதுங்குறான் டீச்சர்” என்றார் பாட்டி. அவருடைய பெட்டிக்கடையில் அவன்தான் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தான். 12 ரூபாய்க்குப் பொருள் வாங்கி 50 ரூபாயை நீட்டினேன். யோசிக்காமல் 38 ரூபாயை எண்ணி வைத்தான். இந்தப் பிள்ளையைத்தான் ஒன்றும் தெரியாதவனாக வகுப்பே பார்க்க நிறுத்தியிருந்தேன்.

எழுத்துகள் அவனுக்குப் பொங்கலுக்குள் திரும்பி வந்துவிட்டன. சத்தமாக வாசிக்க மட்டும் அடுத்த வருஷம் வரை வாய் திறக்கவில்லை.

சரி, நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டாமா? வேண்டும். மற்றவர்கள் படம் வரையும்போது ஒவ்வொருவராக உங்கள் நாற்காலி அருகே கூப்பிடுங்கள். இரண்டு நிமிடம் போதும். ஒரு வகுப்பு கீழான புத்தகத்தைக் கொடுங்கள். நிச்சயம் வாசிக்கக்கூடிய சொல்லில் தொடங்குங்கள். தெரிந்ததை உங்கள் நோட்டில் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

2022 ஜூனில் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசுத் திட்டம் வந்து, கற்றல் நிலையைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. ஆனால் “அரும்பெல்லாம் இந்தப் பக்கம் வா” என்று சத்தம்போட்டுக் கூப்பிடுவதையும் கேட்டிருக்கிறேன். தயவுசெய்து அப்படிக் கூப்பிடாதீர்கள். எது கீழ், எது மேல் என்று குழந்தைகளுக்கு ஒரே நாளில் புரிந்துவிடும்.

வீட்டில் விருந்தாளி முன்னால் “ஏழாம் வாய்ப்பாடு சொல்லு பார்ப்போம்” என்பதும் இதே தவறுதான்.

“ஸ்கூல் திறக்கட்டும், அப்பத் தெரியும்!”

மே மாதம் முழுக்க இப்படி மிரட்டினால், ஜூனில் குழந்தை எப்படிச் சிரித்துக்கொண்டே போகும்? 2023-இல் வெயிலால் தொடக்க வகுப்புகள் ஜூன் 14-க்குத் தள்ளிப்போனபோது, அந்த மிரட்டலும் கூடவே நீண்டது.

காலை வயிற்று வலியை நடிப்பு என்பது

வலி உண்மையானதுதான். பயம் வந்தால் பல குழந்தைகளுக்கு வயிறுதான் வலிக்கும். வேனில் யாராவது அடிக்கிறார்களா, பக்கத்தில் உட்காருகிறவன் கிள்ளுகிறானா என்று பொறுமையாக ஒவ்வொன்றாகக் கேளுங்கள். கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லாததுதான் காரணம் என்று பலமுறை கண்டுபிடித்திருக்கிறேன். காரணம் தெரிந்தால் ஆசிரியரிடம் சொல்லிவிட்டு அரை நாளாவது அனுப்புங்கள். ஒரு நாள் நின்றால் மறுநாள் கிளம்புவது இன்னும் கஷ்டம். ஞாயிற்றுக்கிழமையும் வலித்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

சொல்லாமல் நழுவுவது

பள்ளியில் விட்டுவிட்டுக் கிளம்பும்போது, குழந்தை அழுதாலும் சொல்லிவிட்டே போங்கள்.

பழைய ஷூ

ஏப்ரலில் சரியாக இருந்தது ஜூனில் விரலைக் கடிக்கும். ஒரு வாரம் முன்பே போட்டுப் பாருங்கள்.