காட்டுத்தீ: எந்தக் குழுவை அனுப்புவது? எக்செல்லில் ஒரு கணக்கு

முதலில் தீயின் சுற்றளவை மணிவாரியாக எழுதுங்கள். உதாரணத்துக்கு, தகவல் வந்து 2 மணி நேரத்தில் 1,200 மீட்டர், 3 மணி நேரத்தில் 1,800. அடுத்து அ, ஆ, இ என்று மூன்று குழுக்கள்: அ, மணிக்கு 300 மீட்டர் தீத்தடுப்புக் கோடு (தீ தாண்டாதபடி செடிகொடிகளை அகற்றிய பட்டை) வெட்டும், போய்ச்சேர 1 மணி நேரம், ஆ 400, அரை மணி, இ 500, ஒன்றரை மணி.

எக்செல்லில் சிறந்த விடையைத் தேடித்தரும் சால்வர் (Solver) என்ற கருவியில் குழுவுக்கொரு கட்டம், மதிப்பு 0 (அனுப்பாதே) அல்லது 1 (அனுப்பு) மட்டும். இதை விட்டுவிட்டால் ‘அரைக் குழுவை அனுப்பு’ என்று விடை வரும். நிபந்தனை: வெட்டிய கோடு சுற்றளவுக்குக் குறையக் கூடாது. இலக்கு: குறைந்த செலவு.

2 மணி நேரத்தில் மூன்றும் சேர்ந்தே 1,150தான். 3 மணி நேரத்தில் 2,350. தீ வளையத்துக்குள் வந்துவிடும். பயண நேரத்தைக் கழிக்க மறந்தால், அ, ஆ இரண்டே 2,100 வெட்டும் என்று தாள் சொல்லும், களத்தில் 1,600தான். விடுபட்ட 200 மீட்டர் வழியே தீ தாண்டிவிடும்.

காற்று கூடினால்? சுற்றளவை 30 சதவீதம் ஏற்றுங்கள்: 2,340. பத்தே மீட்டர் மிச்சம். நான்காவது குழுவுக்கும் சொல்லிவையுங்கள்.