ஆர்மோனியப் பெரியவரை றொக் பெடியளோடு ரெக்கோர்ட் செய்வது எப்படி

திருகோணமலையில் கிட்டார், பேஸ், ட்ரம்ஸ் என்று ஒரு பேண்ட் வைத்திருக்கிறீர்கள். சாம்பல்தீவிலோ மூதூரிலோ எழுபது தாண்டிய ஒரு பெரியவர் ஆர்மோனியத்தை முன்னால் வைத்துக்கொண்டு அந்தக் காலத்து நாடகப் பாட்டும் காவடிச் சிந்தும் பாடுகிறார். அவரோடு சேர்ந்து நாலு பாட்டாவது ரெக்கோர்ட் பண்ண வேண்டும் என்று ஆசை. நல்ல ஆசைதான். ஆனால் இப்படியான முயற்சிகள் பெரும்பாலும் எங்கே போய் நிற்கும் என்றால், பெரியவர் மெட்ரோனோம் என்ற டிக் டிக் தாளக் கருவிக்குப் பின்னால் ஓடிக் களைத்துப்போவார், பெடியள் தங்களுக்குப் பழகிய நாலு கோர்டை அடித்துக்கொண்டிருப்பார்கள், கடைசியில் வருவது அவருடைய பாட்டும் இல்லை, உங்களுடைய பாட்டும் இல்லை. அவர் மாறத் தேவையில்லை, நீங்கள்தான் மாற வேண்டும். கீழே எழுதியிருப்பதெல்லாம் அதை எப்படிச் செய்வது என்பதற்காகத்தான்.

வேலையைத் தொடங்க முன் பேண்டில் எல்லோரும் 'தி லண்டன் ஹவுலின் வுல்ஃப் செஷன்ஸ்' என்ற இசைத்தட்டைக் கேளுங்கள். 1970 மே மாதம் ஹவுலின் வுல்ஃப் என்ற புளூஸ் பாடகரை சிக்காகோவிலிருந்து லண்டனுக்குக் கூப்பிட்டு ஒலிம்பிக் ஸ்டூடியோவில் பாட வைத்தார்கள். அவருக்கு அறுபதாவது வயது நடக்கிறது, உடம்பும் சரியில்லை. சுற்றி இருந்தவர்கள் இருபத்தைந்து வயது எரிக் கிளாப்டன், ரோலிங் ஸ்டோன்ஸ் பேண்டின் பில் வைமனும் சார்லி வாட்ஸும். ஒரு பாட்டுக்கு ரிங்கோ ஸ்டார் வந்து ட்ரம்ஸ் அடித்தார். எல்லோரும் அவருடைய பாட்டைக் கேட்டு வளர்ந்த பெடியள். அந்தத் தட்டில் ஒரு ஒத்திகையை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பாட்டு பிடிபடவில்லை என்றதும் கிளாப்டன், நீங்களே கிட்டாரை எடுத்து வாசித்துக் காட்டுங்கள், அப்போதுதான் நாங்கள் பின்னால் வரலாம் என்ற மாதிரிக் கேட்க, பெரியவர் எந்த இடத்தில் கோர்ட் மாறுகிறது என்று எண்ணிச் சொல்லிக் கொடுக்கிறார். அந்த நேரத்தில் உலகத்திலேயே பேர்போன கிட்டார்காரர்களில் ஒருவர் கிளாப்டன், கேட்க வெட்கப்படவில்லை. நீங்களும் கேளுங்கள். "ஐயா, ஒருக்கால் தனியா வாசிச்சுக் காட்டுங்கோ" என்று சொன்னால் போதும், மனிதர் இரண்டு மணித்தியாலம் சொல்லிக் கொடுப்பார். அந்த இரண்டு மணித்தியாலமும் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கட்டும், ஒத்திகை என்று நிறுத்தி வைக்காதீர்கள்.

அதே லண்டன் விஷயத்தில் இன்னொன்றும் இருக்கிறது. வுல்ஃபோடு பல வருடம் கிட்டார் வாசித்த ஹியூபர்ட் சம்லினைக் கூட்டிவர இசைத்தட்டுக் கம்பனிக்கு முதலில் மனமில்லை. அவர் வராவிட்டால் சரிவராது என்று பிடிவாதமாக நின்றது கிளாப்டன்தான் என்று சொல்வார்கள். இன்னொரு கிட்டார்காரருக்காக ஒரு கிட்டார்காரர் மல்லுக்கட்டியதைக் கவனியுங்கள். உங்கள் பெரியவருக்கும் அப்படி ஒருவர் இருப்பார்: தாளம் போடுகிறவர், மிருதங்கக்காரர், இல்லாவிட்டால் பிற்பாட்டுப் பாடும் மச்சான். அவருக்கும் சேர்த்து ஓட்டோ அனுப்புங்கள். பெரியவர் எங்கே இழுப்பார், எங்கே நிறுத்துவார் என்பது அந்த ஆளின் முகத்திலேயே தெரியும். ட்ரம்ஸ்காரர் அவருக்கு எதிரே உட்கார்ந்தால் பாதிப் பிரச்சினை முடிந்தது.

சுருதிதான் எல்லோரும் வழுக்கி விழும் இடம். பெரியவர் "இரண்டரைக் கட்டை" என்பார். ஒரு கட்டை சி, இரண்டு டி, இரண்டரை டி ஷார்ப், மூன்று ஈ, நாலு எஃப் என்று போகும் கணக்கு இது. கிட்டாரில் முதலாவது ஃபிரெட்டில் கேப்போவை (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போட்டு டி வடிவத்தில் பிடித்தால் இரண்டரை வந்துவிடும். அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். பழைய ஆர்மோனியம் நாங்கள் ட்யூன் பண்ணும் 440 ஹெர்ட்ஸ் அளவில் பெரும்பாலும் நிற்பதில்லை. ரீட் தேய்ந்து, உப்புக்காற்றுப் பட்டு, கொஞ்சம் மேலேயோ கீழேயோ போயிருக்கும். ஆர்மோனியத்தை மாற்ற முடியாது, கிட்டாரை மாற்றலாம். போனில் இருக்கும் ட்யூனர் செயலியில் அந்த 440 என்ற எண்ணை 443, 445 என்று நகர்த்தி, அவர் சட்ஜத்தை அழுத்தும்போது ஊசி நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். நின்ற எண்ணுக்கே கிட்டார், பேஸ் எல்லாவற்றையும் ட்யூன் செய்யுங்கள். கீபோர்டிலும் மாஸ்டர் ட்யூனிங் என்று ஒரு இடம் இருக்கும், அங்கேயும் அதையே கொடுங்கள். வயது போனால் குரல் இறங்கும், ஆகவே போன வருடம் கோயிலில் பாடிய கட்டையிலேயே இப்போதும் பாடுவார் என்று எடுத்துக்கொள்ளாமல் அன்று காலையில் கேட்டு முடிவெடுங்கள்.

கோர்ட் விஷயத்தில் றொக் பெடியளுக்கு ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது, பலருக்கு அது தெரியாது. நீங்கள் பவர் கோர்ட் என்று அடிப்பது சட்ஜமும் பஞ்சமமும்தானே, நடுவில் காந்தாரம் இல்லை. அதனால் அவர் கரகரப்பிரியாவில் பாடினாலும் சங்கராபரணத்தில் பாடினாலும் முட்டாது. முழு மேஜர் கோர்டைப் பிடித்தால்தான் அவர் சாதாரண காந்தாரம் (மேஜர் கோர்டில் இருப்பதைவிட அரைச் சுரம் கீழே உள்ளது) பிடிக்கும் இடத்தில் பல் கூசும். டிஸ்டோர்ஷனைக் குறைத்துவிட்டு இதைத் தம்புராவுக்குப் பதிலாக வாசித்துப் பாருங்கள். விருத்தம் பாடும்போது ட்ரம்ஸ்காரர் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும், ஒரு சிம்பல்கூடத் தட்டக்கூடாது. தாளம் தொடங்கும் இடத்தை அவர் தலையாட்டிக் காட்டுவார்.

காதில் மெட்ரோனோம் க்ளிக் வேண்டாம். புளூஸுக்குப் பன்னிரண்டு பார் (தாளச் சுற்று) கணக்கு என்று புத்தகத்தில் இருக்கும், ஆனால் ஜோன் லீ ஹூக்கர் மாதிரியானவர்கள் மனம் போனபடி பதினொன்றரையிலும் பதின்மூன்றிலும் திரும்பிவிடுவார்கள். எங்கள் பெரியவர்களும் அப்படித்தான், அடியைப் பிடித்தால் இழுப்பார்கள். அதைப் பிழை என்று பின்னால் வெட்டி நேராக்கினால் பாட்டு செத்துப்போகும்.

சரி, இடம். சீமெந்துத் தரையும் ஓடும் உள்ள வீட்டு அறை என்றால் எதிரொலி இருக்கும். தரையில் பன்பாய், சுவரில் மெத்தை, ஜன்னலில் தடித்த சீலை. மின்விசிறியை நிறுத்தத்தான் வேண்டும், அதனால் நேரம் முக்கியம். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி, காகம், அதற்குப் பிறகு பாண்காரரின் ஓட்டோ பீத்தோவனை வாசித்துக்கொண்டு தெருத்தெருவாக வரும் (எங்கள் ஊரில் மேற்கத்திய செவ்வியல் இசைக்கு அவர் செய்யும் சேவை தனி). பத்து மணியிலிருந்து மதியச் சாப்பாடு வரைதான் எனக்குப் பிடித்த நேரம். மார்கழி மழையில் தகரக் கூரைக்குக் கீழே மெனக்கெடாதீர்கள், ஆடி மாதக் கச்சான் காற்றில் கடற்கரைப் பக்கமும் வேண்டாம்.

குரலுக்கு எஸ்.எம்.58 மாதிரி சாதாரண டைனமிக் மைக் போதும், வாயிலிருந்து அரைச் சாண் தூரம். விலை கூடிய கண்டென்சர் மைக் அடுத்த வீட்டுச் சமையலறையையும் சேர்த்துப் பிடிக்கும். ஆர்மோனியத்துக்குத் தனி மைக், துருத்தி அடிக்கும் கைக்கு மறுபக்கம், இல்லாவிட்டால் கீச் கீச் என்ற சத்தம் பாட்டு முழுக்க வரும். கிட்டார் ஆம்ப்ளிஃபையரை அடுத்த அறையில் வைத்துக் கதவைச் சாத்துங்கள். ட்ரம்ஸுக்கு கட்டைக் குச்சி இல்லாமல் பிரஷ். ரெக்கோர்டிங் சத்த அளவு மைனஸ் பன்னிரண்டு டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும், கரண்ட் போகும் என்பதால் ஒரு போனும் மூலையில் ஓடட்டும். ஒரு பாட்டை மூன்று தடவைக்கு மேல் பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். இடையில் இஞ்சி போட்ட பிளேன்ரீ கொடுங்கள், ஐஸ் தண்ணி வேண்டாம்.

மிக்ஸ் செய்யும்போது மட்டி வாட்டர்ஸ் என்ற சிக்காகோ புளூஸ் பாடகரை நினைத்துக்கொள்ளுங்கள். அவரும் 1971 டிசம்பரில் லண்டனுக்குப் போய் ரோரி கலகர், மிட்ச் மிட்செல் போன்ற இளம் றொக் கலைஞர்களோடு பாடினார். பெடியள் கெட்டிக்காரர்கள்தான், ஆனால் அது என்னுடைய சவுண்ட் இல்லை, என் சவுண்டை மாற்றினால் ஆளையே மாற்றின மாதிரி என்று பிறகு சொன்னார். ஆகவே முதலில் குரலையும் ஆர்மோனியத்தையும் மட்டும் வைத்துக் கேட்டுப் பாருங்கள், அப்புறம் ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். எதைக் கூட்டினதும் பெரியவர் சின்னதாகத் தெரிகிறாரோ அதை எடுத்துவிடுங்கள், அது உங்களுடைய நல்ல சோலோவாக இருந்தாலும் சரி. வெளியே விட முன் அவருக்குப் போட்டுக் காட்டி, பிடிக்கவில்லை என்று சொன்ன பாட்டை விட்டுவிடுங்கள்.

கடைசியாகக் காசு. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் பாடுகிறவருக்கும் உரிமை இருக்கிறது, ஆகவே வாய்ப்பேச்சோடு விடாமல் ஒரு தாளில் தமிழில் எழுதுங்கள்: எந்தப் பாட்டு, எங்கே போடப் போகிறோம், வருமானம் வந்தால் யாருக்கு எவ்வளவு. பேர் போடும்போது அவருடைய பேர் முதலில், பேண்டின் பேர் அதற்குக் கீழே, தாளம் போட்டவரின் பேரையும் விட வேண்டாம். அன்றைய சம்பளத்தை அன்றைக்கே, சாப்பாட்டுக்கு முதல், இரண்டு பேருக்கும் தனித்தனியாகக் கையில் கொடுங்கள். ஓட்டோக் காசை அதில் கழிக்காதீர்கள்.