காசெலா வெல்யா: ஓதம் பார்த்துப் போய்வரும் முறை

போர்ச்சுகலின் தென்கரையான அல்கார்வ் என்றாலே ஓட்டல்களும் கூட்டம் மொய்க்கும் கடற்கரைகளும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். அதன் கிழக்குப் பக்கத்தில், ரியா ஃபோர்மோசா காயலைப் பார்த்தபடி ஒரு மேட்டில் இருக்கிறது காசெலா வெல்யா. ஒரு தேவாலயம், ஒரு கோட்டை, ஒரு பழைய கிணறு, ஒரு கல்லறைத் தோட்டம், நாலைந்து சிறு தெருக்களில் வெள்ளையடித்த வீடுகள். அவ்வளவுதான் ஊர். அரை மணி நேரத்தில் சுற்றிவிட்டு "இதற்கா வந்தோம்?" என்று திரும்பிவிடுகிறவர்கள் உண்டு. ஊரின் மறுபாதி மேட்டுக்குக் கீழே, காயலில் இருக்கிறது. தண்ணீர் வற்றும்போதுதான் அது திறக்கும்; அப்போது காயலை நடந்தே கடந்து அக்கரையிலுள்ள மணல் திட்டுக்குப் போகலாம். அதனால் இங்கே வருவதற்கு முதலில் பார்க்க வேண்டியது ஓட்டல் அறையை அல்ல, ஓத அட்டவணையை, அதாவது கடல் நீர் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலை.

1. மாதம்

மே, ஜூன், செப்டம்பர், அக்டோபர் நல்லவை. செப்டம்பரில் கடல் நீர் இதமாக இருக்கும், கூட்டமும் குறைந்திருக்கும். ஆகஸ்ட்டைத் தவிர்த்துவிடுங்கள். போர்ச்சுகல் முழுக்க விடுமுறையில் இருக்கும் மாதம் அது. ஊர் முகப்பில் வண்டி நிறுத்த இடம் கிடைக்காது, அமைதியும் இருக்காது.

2. நாள்

இதில்தான் கவனம் வேண்டும். போர்ச்சுகலின் நீரியல் நிறுவனம் (Instituto Hidrográfico) துறைமுகவாரியாக ஓத நேரங்களை வெளியிடுகிறது. இந்தக் கரையில் உள்ள ஃபாரோ-ஒல்யாவ் துறைமுகத்துக்கான அட்டவணையை எடுத்துக்கொள்ளுங்கள். வேறு செயலியில் பார்ப்பதானால், கோடைகாலத்துக்காகக் கூட்டும் ஒரு மணி நேரம் அதில் சேர்ந்திருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அதைக் கவனிக்காமல் விட்டால் நாளின் திட்டமே ஒரு மணி நேரம் பிசகும்.

அமாவாசை, பௌர்ணமி, அவற்றை அடுத்த இரண்டு நாட்கள்: இவைதான் காயலைக் கடக்க ஏற்றவை. அப்போது ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு சுமார் மூன்று மீட்டர் வரை போகும், காயலுக்குள் ஓடும் ஆழமான கால்வாய் நன்றாக வற்றும். கோடையில் இந்த நாட்களின் பகல் வற்றம் காலை 9 முதல் 11 மணிக்குள் அமைவது இன்னொரு வசதி. அஷ்டமியை ஒட்டிய நாட்களில் வேறுபாடு அதில் பாதிகூட இருக்காது. பகல் வற்றமும் பிற்பகலுக்குத் தள்ளிப்போகும், அப்போதும் தண்ணீர் போதிய அளவு இறங்காது. அட்டவணையில் வற்றத்தின் உயரம் 1 மீட்டருக்குக் கீழே இருக்கும் நாளாகப் பாருங்கள். வற்ற நேரம் நாளுக்குச் சுமார் 50 நிமிடம் தள்ளிப்போகும் என்பதால், நேற்றுப் போனவர் சொன்ன நேரத்தை இன்றைக்கு அப்படியே நம்பக் கூடாது.

3. போய்ச் சேர

ஃபாரோவிலிருந்து விலா ரியால் த சாந்து அந்தோனியு போகும் வட்டார ரயிலில் காசெலா நிலையத்தில் இறங்கலாம். நிலையம் இருப்பது விலா நோவா த காசெலா என்ற வேறு ஊரில். அங்கிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டர் நடக்க வேண்டும், வழியில் நிழல் குறைவு. 125-ஆம் எண் நெடுஞ்சாலையில் ஓடும் பேருந்தில் வந்து காசெலா வெல்யா பிரிவில் இறங்கினால் நடை குறையும். சனி, ஞாயிறுகளில் பேருந்துகள் குறைவு. திரும்பும் நேரத்தை ஏறும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள். காரில் வருபவர்கள் ஊர் முகப்பிலேயே நிறுத்திவிடுவது நல்லது. உள்ளே தெருக்கள் நடப்பதற்கானவை.

4. கையில்

குதிகாலைப் பிடிக்கும் வார் வைத்த செருப்பு, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், தொப்பி, நீர் புகாத பை, சில்லறையாகக் கொஞ்சம் யூரோ. ரப்பர் செருப்பு வேண்டாம். காயலின் சேறு அதைப் பிடுங்கிக்கொள்ளும், அடியில் கிடக்கும் சிப்பி ஓடு வெறுங்காலைக் கிழித்துவிடும்.

5. காயலைக் கடக்க

வற்ற நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக ஊரை அடைந்தால் போதும். தேவாலய முற்றத்திலிருந்து பாருங்கள்: கீழே வெளிறிய மணல் தெரியும் இடம் ஆழம் குறைவு, கரும்பச்சையாக இருப்பது கால்வாய். எங்கே இறங்கி எங்கே ஏறுவது என்பதை மேலிருந்தே முடிவுசெய்துகொண்டு படிகளில் இறங்குங்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேல் ஏறினால், இழுப்பும் இருந்தால், அன்றைக்கு வேண்டாம். குளிர்காலப் புயல்கள் மணல் திட்டையும் கழிமுகத்தையும் இடம் மாற்றிவிடும். போன ஆண்டின் வழி இந்த ஆண்டு இல்லாமல் போகலாம். அங்குள்ள மீனவர் எந்தப் பக்கமாக நடக்கிறார் என்று பார்ப்பதே நம்பகமான வழிகாட்டி.

அக்கரை மணல் திட்டின் மறுபக்கம் திறந்த அட்லாண்டிக் கடல். குடை, கடை எதையும் எதிர்பார்க்க வேண்டாம். திரும்பும் நேரத்தை மட்டும் மறக்காதீர்கள். வற்றம் முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் இக்கரைக்கு வந்துவிட வேண்டும். காரணம் இது: ஆறு மணி நேர ஏற்றத்தில் முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீர்தான் ஏறும், இரண்டாம் மணியில் இரண்டு பங்கு, மூன்றாம் நான்காம் மணிகளில் மும்மூன்று பங்கு. முதல் மணி நேரத்தைப் பார்த்து "மெதுவாகத்தானே ஏறுகிறது" என்று உட்கார்ந்திருப்பவர்களே மாட்டிக்கொள்கிறார்கள். நேரம் தவறிவிட்டால் நீந்த முயலாதீர்கள். திட்டின் வழியே கிழக்கே மாந்தா ரோத்தா வரை நடந்தால் நிலத்தை அடையலாம், ஏறக்குறைய இரண்டரை கிலோமீட்டர். சிறு குழந்தைகளோடு வருபவர்கள் முதலிலிருந்தே அந்த வழியாக வருவது மேல். கோடையில் மேற்கே ஃபாப்ரிகா கரையிலிருந்து படகும் உண்டு.

சேற்றில் குச்சி நட்ட வரிசைகள் தெரிந்தால் சுற்றிப் போங்கள். அவை உரிமம் பெற்ற சிப்பிப் பண்ணைகள், ஒருவருடைய பிழைப்பு. நீங்களாகத் தோண்டிய சிப்பியைச் சாப்பிடவே வேண்டாம். நச்சுப் பாசி பெருகும் காலங்களில் அரசு அறுவடைக்குத் தடை விதிக்கும், பார்வைக்கு அந்தச் சிப்பியில் வித்தியாசமே தெரியாது. இளவேனிலில் மணலில் முட்டையிடும் பறவைகள் இருப்பதால் மணற்குன்றுகளின் மேல் ஏறாமல் நீரோரமாகவே நடங்கள்.

6. ஊருக்குள்

திரும்பி வந்த பிறகு தெருக்களை நிதானமாகப் பாருங்கள். சுண்ணாம்பு மேல் சுண்ணாம்பு ஏறி வீடுகளின் மூலைகள் மழுங்கியிருக்கும். கதவு, ஜன்னல்களைச் சுற்றி நீலமோ காவியோ ஒரு பட்டை. சுவரில் சாய்ந்தால் சட்டையில் வெள்ளை ஒட்டும். 1755 நிலநடுக்கத்தில் இந்த ஊர் பெரும் சேதம் கண்டது. இன்று நிற்கும் கோட்டை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுப்பியது, வெளியிலிருந்துதான் பார்க்க முடியும். எதிர்ப்படுபவருக்கு நண்பகல் வரை "போம் தியா", பிறகு "போவா தார்த்" சொல்லுங்கள். கல்லறைத் தோட்டத்தில் கேமராவைப் பைக்குள் வைத்துவிடுங்கள்.

7. சாப்பாடு

மதியச் சாப்பாடு பொதுவாக 12.30 முதல் 3 மணி வரை. இங்கே தேட வேண்டியது காயலின் சிப்பிதான், எலுமிச்சை பிழிந்து தருவார்கள். உட்கார்ந்ததும் கேட்காமலே வரும் ரொட்டியும் ஆலிவும் இலவசம் அல்ல. தொட்டால் கணக்கில் சேரும், வேண்டாம் என்றால் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், யாரும் தவறாக நினைப்பதில்லை. சைவர்கள் சூப்பிலும் கவனமாக இருங்கள். கால்து வேர்த் எனும் கீரை சூப்பில் பன்றி இறைச்சித் துண்டு போடுவது வழக்கம். "செய்ங் கார்ன், செய்ங் பெய்ஷ்" என்று சொன்னால் இறைச்சியும் மீனும் வேண்டாம் என்று புரிந்துகொள்வார்கள். ஊரில் உணவகங்கள் மிகக் குறைவு. குளிர்காலத்தில் அவை மூடிக்கிடக்கவும் கூடும், அதனால் அந்த மாதங்களில் அருகிலுள்ள தவீரா நகரில் சாப்பாடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.