சுங்குடிச் சேலையைச் சுவரில் தொங்கவிடுங்கள், ஷேடு கார்டை அப்புறம் பார்க்கலாம்

மதுரையில் இருபது வருஷத்துக்கு மேலாக வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறேன். அப்பா காலத்தில் எங்கள் தொழில் சுண்ணாம்புதான். சுட்ட கிளிஞ்சலை நீற்றி, வடிகட்டி, கொஞ்சம் நீலம் போட்டு மட்டையால் அடிப்பார். கலர் வேண்டுமென்றால் காவி, மஞ்சள், பச்சை என்று நாலைந்து பொடிதான். இன்றைக்குக் கடையில் மிஷின் ஆயிரக்கணக்கான கலர் கலந்து கொடுக்கிறது. ஆனாலும் பல பேர் கடைசியில் சந்தனக் கலருக்கே வந்துவிடுகிறார்கள். "திக் கலர் பிடிக்கும்ணே, அடிச்சப்புறம் பிடிக்காமப் போயிட்டா?" என்று கேட்பார்கள். ஷேடு கார்டு என்கிற கலர் அட்டையில் தீப்பெட்டி அளவுத் துண்டைப் பார்த்துப் பன்னிரண்டடிச் சுவரை முடிவு செய்யச் சொன்னால் யாருக்கும் பயம் வரத்தான் செய்யும்.

அதனால் நான் ஷேடு கார்டை முதலில் விரிப்பதில்லை. வீட்டு அக்காவிடம் பீரோவைத் திறக்கச் சொல்வேன். அரக்கு, மாம்பழ மஞ்சள், ராமர் பச்சை, கத்தரிப்பூ என்று எந்தக் கலர் சேலை திரும்பத் திரும்ப இருக்கிறதோ அது அவர்கள் கண்ணுக்குப் பழகிய கலர். அதில் ஒரு பருத்திச் சேலையை, சுங்குடியாக இருந்தால் இன்னும் நல்லது, கொடி கட்டிச் சுவரில் விரித்துத் தொங்கவிடுங்கள். ஐந்தரை மீட்டர் துணி சுவரில் பெரிய பகுதியை மூடிவிடும். பட்டு வேண்டாம். பட்டு மினுங்கும், ஆளை ஏமாற்றும். அதிலும் மயில்கழுத்துக் கலர் பாவில், அதாவது நீளவாட்டில், ஒரு கலர் நூலும் ஊடையில், அதாவது குறுக்குவாட்டில், வேறு கலர் நூலும் ஓடுவதால் வருவது. அதைக் காட்டி "இதே கலர் வேணும்" என்றால் எந்த மிஷினாலும் கொடுக்க முடியாது.

சேலையை இரண்டு நாள் அப்படியே விடுங்கள். காலை ஏழு மணிக்கு, மத்தியானம், விளக்குப் போட்ட பிறகு, மூன்று நேரமும் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் பார்ப்பதுதான் முக்கியம். வேலைக்குப் போகிறவர்கள் ஹாலில் உட்காருவதே ராத்திரியில்தான். வெள்ளை வெளிச்சத்தில் அரக்கு செத்துப்போய்க் கருப்படிக்கும். மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மங்கி அழுக்காகத் தெரியும். கலரை மாற்ற மனசில்லை என்றால் பல்பை மாற்றிப் பாருங்கள், செலவு குறைவு.

அடுத்தது தரை. சுவரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம், தரையை மாற்ற முடியாது. போன வருஷம் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவர் வீட்டில் சிவப்பு ரெட் ஆக்சைடு தரை. ஷேடு கார்டில் கிளிப்பச்சையை வட்டம் போட்டு வைத்திருந்தார். பச்சைச் சேலையைத் தொங்கவிட்டதுமே தரையும் சுவரும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றன. அதே பச்சையில் கருப்பு கூடின ராமர் பச்சையைப் பக்கத்தில் தொங்கவிட்டோம். தரை பளபளவென்று தெரிந்தது, தேக்குக் கதவும் எடுப்பாக நின்றது. டீச்சர் அங்கேயே சேரைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அடர்த்தியான கலர் வேறு, கூசுகிற கலர் வேறு. துணிச்சலாக அடிக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் கூசுகிற கலரில் போய் மாட்டுகிறார்கள். கொஞ்சம் கருப்போ காவியோ கலந்த அடர் கலரோடு வருஷக்கணக்கில் இருக்க முடியும்.

இப்போது ஷேடு கார்டை எடுங்கள். சேலைக்கு நெருக்கமாக இரண்டு மூன்று நம்பரைக் குறித்து, கிடைக்கிற ஆகச் சின்ன டப்பா வாங்கி, முழுச் சார்ட் பேப்பரில் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். எமல்ஷன், அதாவது தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட், ஈரத்தில் வெளிறித் தெரியும், காய்ந்தால்தான் சொந்த நிறம் வரும். பழைய சுவரில் நேராக அடித்துப் பார்க்காதீர்கள், சுற்றியிருக்கும் பழைய கலர் கண்ணைக் குழப்பும். சார்ட்டை அறையின் மூலையில் ஒட்டிப் பாருங்கள். நாலு சுவரும் ஒரே கலர் என்றால் ஒன்றின் நிறம் மற்றதில் பட்டு, கார்டில் பார்த்ததைவிட ஒரு படி தூக்கலாகத் தெரியும். அதற்கு ஒரு படி இறக்கி எடுங்கள். நிலைக்கண்ணாடி இருக்கிற அறைக்குப் பச்சை வேண்டாம் என்பது என் பிடிவாதம். முகம் நோய் கண்டது போலத் தெரியும்.

சுவரில் ஓதம் இருந்தால் அதைச் சரிசெய்யாமல் அடர் கலரைத் தொடவே தொடாதீர்கள். வெள்ளைச் சுவரில் உப்புப் பூத்தால் கண்ணில் படாது. கரு நீலத்தில் பூத்தால் மாவு தூவினது போல நிற்கும். சுவரைச் சமப்படுத்தப் பூசுகிற பட்டி மேடு பள்ளமாக இருந்தால் மினுமினுப்பு ஃபினிஷ் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும், மினுங்காத மேட் ஃபினிஷ் மறைக்கும். ஆனால் மேட் ஃபினிஷில் கை உரசின தடம் விழும். குழந்தைகள் ஓடுகிற நடைவழிக்கு அரைப் பளபளப்புதான் சரி.

சிவப்பும் மஞ்சளும் சுவரை மூட நேரம் எடுக்கும். வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் இரண்டு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 130 சதுர அடி வரும் என்று கணக்குப் போட்டால், இந்த இரண்டுக்கும் மூன்றாவது கோட்டுக்கும் சேர்த்து வாங்குங்கள். பெயிண்டுக்கு முன்னால் அடிக்கிற ப்ரைமரிலேயே கொஞ்சம் கலர் கலந்து அடித்தால் ஒரு கோட் மிச்சமாகும். மேற்கு ஜன்னல் வெயில் நேராக விழும் சுவரில் பளீர் சிவப்பு சீக்கிரம் வெளுக்கும். அங்கே காவி, செங்கல் கலர் அடியுங்கள். அவை இரும்பு மண்ணின் நிறம், வெயிலைத் தாங்கும்.

ஒரு அறைக்கு வேண்டிய பெயிண்டை ஒரே நாளில் வாங்கி, எல்லா டப்பாவையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்த பிறகு அடிக்கச் சொல்லுங்கள். மிஷின் கலந்தாலும் டப்பாவுக்கு டப்பா இம்மி வித்தியாசம் வரும், அடர் கலரில் அது பட்டை பட்டையாகத் தெரியும். மிஞ்சினதை இறுக்கி மூடி, கலர் நம்பரை மூடியில் எழுதி, வெயில் படாத இடத்தில் வையுங்கள். காலண்டர் ஆணி பிடுங்கின ஓட்டைக்கு அது வேண்டும்.