ரிப்பீட்டரில் சிக்னல் முழுசா இருக்கு, நெட் மட்டும் வரலையா?

எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டி கீழே கூடத்தில் இருக்கிறது. அதற்கும் மாடியறைக்கும் நடுவே ஒரு கான்கிரீட் தளம், இரண்டு செங்கல் சுவர். மாடியில் மகளுக்கு வீடியோ வகுப்பு பாதியில் அறுந்துகொண்டே இருந்ததால், பரணில் கிடந்த பழைய ரவுட்டரை எடுத்து, ரிப்பீட்டர் மோடுக்கு (வைஃபையை வாங்கித் திருப்பி அனுப்பும் வேலைக்கு) மாற்றி, மாடிப்படித் திருப்பத்தில் வைத்தேன். போனில் எல்லாக் கோடும் நிறைந்து நின்றது. பெயருக்குக் கீழே ‘இணையம் இல்லை’ என்ற வரியும் நின்றது. இதைச் சரிசெய்ய இரண்டு சாயங்காலம் ஆயிற்று. உங்களுக்கு அவ்வளவு நேரம் போகக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

போனில் தெரியும் கோடுகள் போனுக்கும் ரிப்பீட்டருக்கும் உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். ரிப்பீட்டருக்கும் மெயின் ரவுட்டருக்கும் (எங்கள் வீட்டில் ஃபைபர் பெட்டி) உள்ள தொடர்பு வேறு. கோளாறு பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.

வேலையைத் தொடங்குமுன் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். வைஃபையில் நெட் இல்லை என்று தெரிந்தால் போன் தானாக டேட்டாவுக்குத் தாவிவிடும். அப்புறம் ரிப்பீட்டரின் செட்டிங்ஸ் பக்கம் திறக்கவே திறக்காது.

படி 1: பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

ரிப்பீட்டரை மெயின் ரவுட்டர் இருக்கும் அறையிலேயே, இரண்டு மூன்று மீட்டர் தள்ளி பிளக்கில் போடுங்கள். அங்கே நெட் வந்தால் பிரச்சினை தூரம்தான். சிக்னலே எட்டாத அறையில் ரிப்பீட்டரை வைத்தால் அதற்கும் ஒன்றும் எட்டாது. இரண்டுக்கும் நடுவில் வையுங்கள். வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப்பில் மெயின் ரவுட்டரின் சிக்னல் −65 டிபிஎம் (சிக்னல் வலுவின் அளவு; பூஜ்யத்தை நெருங்க நெருங்க வலு அதிகம்) அளவில் இருக்கும் இடம் நல்ல இடம். −75-க்கும் கீழே போனால் வேண்டாம்.

படி 2: பாஸ்வேர்டு

சமீபத்தில் மெயின் ரவுட்டரின் பாஸ்வேர்டை மாற்றினீர்களா? ரிப்பீட்டர் இன்னும் பழையதையே வைத்திருக்கும். அதன் சொந்த வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் மாறாததால் போன் வழக்கம்போல இணைந்துவிடும். நெட் மட்டும் வராது. ரிப்பீட்டர் செட்டிங்ஸில் மறுபடி ஸ்கேன் செய்து புதிய பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

படி 3: கேட்வே எண்

நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

போனை முதலில் மெயின் வைஃபையில் இணைத்து, வைஃபை பெயரைத் தொட்டு விவரங்களைத் திறந்து, கேட்வே எண்ணை, அதாவது போன் வெளியே இணையத்துக்குப் போக வழிவிடும் பெட்டியின் முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரிப்பீட்டரில் இணைத்து அதே இடத்தைப் பாருங்கள். மெயினில் 192.168.1.1, ரிப்பீட்டரில் 192.168.0.254 என்று வேறாக இருந்தால், மெயின் ரவுட்டர் தர வேண்டிய முகவரியை ரிப்பீட்டரே தந்துகொண்டிருக்கிறது என்று பொருள். அது இன்னும் மெயினோடு சேரவில்லை. படி 2-க்குத் திரும்புங்கள். லேப்டாப்பில் 169.254 என்று தொடங்கும் ஐபி (முகவரி எண்) இருந்தால் யாருமே முகவரி தரவில்லை.

எனக்கு இரண்டு இடத்திலும் 192.168.1.1 என்றே காட்டியது. சரியாக இருக்கிறது என்று நம்பி வேறெங்கோ தேடிக்கொண்டிருந்தேன். பிறகு ரிப்பீட்டரில் இணைந்தபடியே பிரவுசரில் 192.168.1.1 என்று அடித்தேன். வந்தது ஃபைபர் பெட்டியின் லாகின் பக்கம் இல்லை, பழைய ரவுட்டரின் பக்கம். இரண்டு பெட்டிக்கும் ஒரே முகவரி! போன் வெளியே போக வழி கேட்கும்போது, இணையமே இல்லாத பழைய ரவுட்டர் ‘நான்தான் கேட்வே’ என்று பதில் சொல்லிக்கொண்டிருந்தது.

சரிசெய்ய, பழைய ரவுட்டரை மட்டும் லேன் கேபிளால் லேப்டாப்பில் செருகுங்கள். மெயின் ரவுட்டர் அணைந்தே இருக்கட்டும். லேன் செட்டிங்ஸில் அதன் ஐபியை 192.168.1.250 என்று மாற்றி சேமியுங்கள். புதிய எண்ணில் மறுபடி உள்ளே போய் டிஹெச்சிபியை (கருவிகளுக்குத் தானாக முகவரி தரும் வசதியை) அணையுங்கள். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிஹெச்சிபியை முதலில் அணைத்துவிட்டால், ரவுட்டர் ரீஸ்டார்ட் ஆனதும் லேப்டாப்புக்கு முகவரி கிடைக்காமல் வெளியே நிற்பீர்கள். அப்படி ஆகிவிட்டால் லேப்டாப்புக்குக் கையால் 192.168.1.50 என்று ஐபி கொடுத்தால் உள்ளே போகலாம்.

பிறகு மெயின் ரவுட்டரைப் போட்டு, அதன் டிஹெச்சிபி வரம்பை 192.168.1.200-இல் முடியும்படி சுருக்குங்கள். இல்லாவிட்டால் என்றாவது ஒருநாள் 250-ஐ வேறு யாருடைய போனுக்காவது கொடுத்துவிடும்.

படி 4: சோதனை

லேப்டாப்பை ரிப்பீட்டரின் வைஃபையில் இணைத்து, கமாண்ட் பிராம்ப்டில் முதலில் மெயினின் கேட்வே எண்ணுக்கு (எனக்கு 192.168.1.1) பிங் கொடுங்கள், அதாவது பதில் வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள்; அடுத்து வெளி இணையத்தில் உள்ள கூகுளின் 8.8.8.8-க்கு. முதலாவது விழுந்தால் (பதில் வராவிட்டால்) ரிப்பீட்டர் பக்கம் கோளாறு. முதலாவது வந்து இரண்டாவது விழுந்தால் ஃபைபர் பக்கம். இரண்டும் வந்தும் தளங்கள் திறக்கவில்லை என்றால், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் கோளாறு. போனில் ‘பிரைவேட் டிஎன்எஸ்’ எதையாவது போட்டு வைத்திருக்கிறீர்களா பாருங்கள்.

என் கருத்து: சுவரில் ஒரு துளை போட முடிந்தால் கேட் 6 (நெட்வொர்க்) கேபிள் இழுத்து, அதே பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட் (கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் பெட்டி) ஆக்குங்கள். ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரில் வேகம் ஏறத்தாழ பாதியாகிவிடும். வாடகை வீடு, துளை போட முடியாது என்பவர்களுக்குத்தான் ரிப்பீட்டர்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஒருவருக்கு ரிப்பீட்டரின் ஸ்கேனில் மெயின் ரவுட்டரின் பெயரே வரவில்லை. அவருடையது 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் ரிப்பீட்டர். மெயினில் அந்த அலைவரிசை அணைந்திருந்தது.

இன்னொன்று: பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டும் சரி, ஆனால் சேர மறுக்கிறது என்று வேறொருவர் எழுதியிருந்தார். மெயினில் வைஃபை பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 மட்டும் என்று இருந்ததை டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலவைக்கு மாற்றியதும் சேர்ந்துகொண்டது.