ஒரே எழுத்து, வேறு பிறப்பு: பிரித்தறிவது எப்படி?

ஒரே மாதிரி எழுதும் இரண்டு சொற்கள் வேறு வேறு இடத்தில் பிறந்தவையாக இருக்கலாம். 'சாவி'யை எடுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வயலில் மணி பிடிக்காத கதிரை உருவி, உள்ளங்கையில் ஊதிப் பார்த்து, "பூராவும் சாவி" என்பார் அப்பா. அது 'சா' என்ற வினையில் பிறந்த தமிழ்ச்சொல். பூட்டைத் திறக்கும் சாவி போர்த்துக்கீசியம் தந்தது.

என் மாணவர்களுக்குச் சொல்லும் வழி இதுதான். முதலில் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். சிகாகோ பல்கலைக்கழகத் தளத்தில் இலவசமாகவே தேடலாம். ஒரே சொல் 1, 2 என எண்ணிட்டுத் தனித்தனியாக நின்றால் உஷாராகுங்கள். பக்கத்திலேயே மூலமொழிக் குறிப்பும் இருக்கும்.

அடுத்து, சொல்லின் வயது. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த சோதனை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக்கு வந்தது 1498இல். அதற்கு முந்தைய பாட்டில் உள்ள சொல் போர்த்துக்கீசியமாக இருக்க வழியில்லை. குறிஞ்சிப்பாட்டில் 'தேங்கமழ் பாதிரி' வருகிறது. அது பூ; திருப்பாதிரிப்புலியூருக்குப் பெயர் தந்த மரத்தின் பூ. தேவாலயப் பாதிரியோ போர்த்துக்கீசிய 'பாத்ரே' வழி வந்தவர். ஓசையை மட்டும் நம்பி இரண்டையும் முடிச்சுப் போடவே கூடாது.

அகராதி கைவிட்டால், ஊர்ப் பெரியவர்களிடம் அந்தச் சொல் எதோடு சேர்ந்து வருகிறது என்று கேளுங்கள். சாவிக்கொத்து ஒரு பக்கம் போகும், சாவி நெல் இன்னொரு பக்கம் போகும்.