கவுண்டி வாரியாக இடைநிலை வருமானம்: ஆண்டுத் தொடரைக் கட்டுவது எப்படி

அமெரிக்காவில் மாநிலங்களுக்குள் நம் மாவட்டம் போன்ற கவுண்டிகள் 3,100-க்கும் மேல் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை எடுத்து, 1979 முதல் இன்றுவரை அங்கே இடைநிலைக் குடித்தன வருமானம் (பாதிக் குடித்தனங்கள் அதற்குக் கீழே, பாதி மேலே) எப்படி நகர்ந்தது என்று யாராவது கேட்டால், ஒரே கோப்பை இறக்கி வேலையை முடிக்க முடியாது. வேறு வேறு முறையில் அளந்த எண்களை ஒட்டித்தான் தொடரைக் கட்ட வேண்டும். ஒட்டு விழுந்த இடங்களை வரைபடத்தில் கோடு போட்டுக் காட்டிவிடுவது என் வழக்கம்.

பழைய காலத்துக்கு ஆதாரம் 1980, 1990, 2000 சென்சஸ்களின் நீண்ட படிவம், அதாவது வருமானம் போன்ற கூடுதல் கேள்விகளோடு ஒரு பகுதிக் குடித்தனங்களுக்கு மட்டும் போன படிவம். 2000-இல் ஏறக்குறைய ஆறில் ஒரு குடித்தனத்துக்கு அது போனது. அதில் கேட்டது முந்தைய ஆண்டின் வருமானம். அதாவது 1980 சென்சஸ் எண் 1979-க்கு உரியது. சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் 1980-இல் விலைவாசி 13.5 சதவீதம் ஏறியது. விலைவாசி ஏற்றத்தைக் கழிக்க அந்த எண்ணை 1980 விலைக் குறியீட்டால் வகுத்தால் தொடரின் முதல் புள்ளியே தாழ்ந்துபோகும்.

2010-இல் நீண்ட படிவம் இல்லை. அதன் இடத்தை ஏசிஎஸ் (அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே) என்ற தொடர் கணக்கெடுப்பு பிடித்துக்கொண்டது; 2005 முதல் அது முழு அளவில் நடக்கிறது. மக்கள்தொகை 65,000-ஐத் தொட்ட கவுண்டிகளுக்குத்தான் ஓராண்டு எண் தருவார்கள். மற்றவற்றுக்கு ஐந்தாண்டுத் திரட்டு; அதன் முதல் தொகுப்பு 2005–2009. டெக்சஸின் லவிங் கவுண்டியில் 2020 சென்சஸ்படி 64 பேர். ஐந்தாண்டு மாதிரியைச் சேர்த்தாலும் அங்கே என்ன பெரிதாகக் கிடைத்துவிடும்?

அதனால் ஆண்டுவாரிக் கோடு வேண்டுமென்றால் நான் எடுப்பது எஸ்ஏஐபிஇ என்ற, சிறு பகுதிகளுக்கான வருமான, வறுமை மதிப்பீடு. இதுவும் சென்சஸ் பீரோவின் வெளியீடுதான். கணக்கெடுப்போடு வருமான வரித் தகவல் போன்ற நிர்வாகப் பதிவுகளையும் ஒரு புள்ளியியல் சமன்பாட்டில் போட்டு, சின்னக் கவுண்டிகளுக்கும் ஓராண்டு மதிப்பீடு தருகிறார்கள். இதிலும் ஓர் ஒட்டு உண்டு: 2005-க்கு முன் அடிப்படை சிபிஎஸ் (கரன்ட் பாப்புலேஷன் சர்வே) என்ற வேறொரு கணக்கெடுப்பு, அதன்பின் ஏசிஎஸ். 2004-க்கும் 2005-க்கும் நடுவே கோடு துள்ளினால் பொருளாதாரக் காரணம் தேடி ஓடாதீர்கள். பிஇஏ (அமெரிக்க அரசின் பொருளாதாரப் பகுப்பாய்வு பீரோ) தரும் தலா வருமானம் 1969 முதல் அறுபடாமல் கிடைக்கிறது, ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அது சராசரி. நாலு கோடீஸ்வரர்கள் குடியேறினால் போதும், எகிறிவிடும்.

அடுத்து, பலரும் கை வைக்கும் தவறான குறுக்கு வழி: இரண்டு கவுண்டிகளைச் சேர்க்க, இரண்டு இடைநிலைகளைக் கூட்டி இரண்டால் வகுப்பது. குடித்தன எண்ணிக்கையால் எடை போட்டாலும் விடை சரியாக வராது. அதற்குப் பதில் ஏசிஎஸ்ஸின் பி19001 என்ற அட்டவணையை எடுங்கள். அதில் 16 வருமான அடுக்குகள், ஒவ்வொன்றிலும் எத்தனை குடித்தனங்கள் என்று இருக்கும். கவுண்டிகளின் எண்ணிக்கைகளை அடுக்கு அடுக்காகக் கூட்டுங்கள். மொத்தம் 10,000 குடித்தனங்கள் என்று வைத்துக்கொள்வோம். நமக்கு வேண்டியது 5,000-ஆவது. 50,000 டாலருக்குக் கீழே 4,600 குடித்தனங்கள், 50,000–60,000 அடுக்கில் 800. இந்த அடுக்குக்குள் இன்னும் 400 போக வேண்டும், அதாவது பாதி தூரம். இடைநிலை 55,000 டாலர். அடுக்கு அகலமாக இருக்கும் மேல்பகுதியில் இந்த நேர்கோட்டுக் கணக்கு கொஞ்சம் பிசகும். அங்கே, வருமானம் ஏற ஏறக் குடித்தனங்கள் குறையும் என்று வைத்துக் கணக்கிடும் பரேட்டோ முறை மேல்.

ஒப்பிடும்போது ஒன்றின்மேல் ஒன்று படியாத திரட்டுகளையே எடுங்கள். 2009–2013-ஐ 2014–2018-உடன் வைக்கலாம். 2013–2017-ஐ 2014–2018-உடன் வைத்தால் நான்கு ஆண்டு மாதிரி இரண்டுக்கும் பொது. வித்தியாசம் என்று தெரிவது ஓராண்டு வெளியே போய் இன்னோர் ஆண்டு உள்ளே வந்ததால்தான். ஒவ்வொரு திரட்டும் அதன் கடைசி ஆண்டு டாலரில் இருக்கும், எனவே முதலில் இரண்டையும் ஒரே ஆண்டு விலைக்குக் கொண்டுவாருங்கள். அப்புறம் பிழை வரம்பு, அதாவது மாதிரியெடுப்பால் எண் எவ்வளவு பிசகலாம் என்பது. ஏசிஎஸ் தருவது 90 சதவீத வரம்பு, 1.645-ஆல் வகுத்தால் திட்டப்பிழை. இரண்டு திட்டப்பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். வருமான வித்தியாசம் அதைப்போல 1.645 மடங்கைத் தாண்டாவிட்டால், "உயர்ந்தது" என்று நான் எழுத மாட்டேன்.

கடைசியாக எல்லைகள். ஒவ்வொரு கவுண்டிக்கும் உள்ள ஐந்து இலக்க அடையாள எண்ணை வைத்து ஆண்டுகளை இணைக்கும்போது சில வரிசைகள் சத்தமில்லாமல் காணாமல் போகும். தெற்கு டகோட்டாவின் ஷானன் கவுண்டி 2015-இல் ஓக்லாலா லகோட்டா ஆனபோது 46113 என்ற எண் 46102 ஆனது. கொலராடோவின் புரூம்ஃபீல்ட் 2001-இல்தான் தனிக் கவுண்டி. கனெக்டிகட்டில் 8 கவுண்டிகளின் இடத்தில் 9 திட்ட மண்டலங்கள் வந்துவிட்டன. 2022 ஏசிஎஸ் முதல் எண்கள் அப்படித்தான் வருகின்றன. நல்லவேளை, பழையதும் புதியதும் முழு ஊர்களால் ஆனவை. ஊர்வாரி பி19001-ஐ எடுத்து, எந்த எல்லை வேண்டுமோ அதற்குள் வரும் ஊர்களைக் கூட்டி, மேலே சொன்ன அடுக்குக் கணக்கைப் போட்டால் தொடர் அறாமல் நிற்கும்.